கார்டன் ஃப்ரீமேனுக்குக் கடைசியில் என்னதான் ஆச்சு?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. ஹாஃப்-லைஃப் என்ற கணினி விளையாட்டின் கதாநாயகன் கார்டன் ஃப்ரீமேன் இந்தக் கலவரத்துக்கெல்லாம் முன்னால் யாராக இருந்தார்? கடைசியில் உயிரோடு இருக்கிறாரா, இல்லையா? ஆனால் கூடவே நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் வரிகளில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது: ஹாஃப்-லைஃப் 2-இன் தொடர்ச்சியான எபிசோட் 2-இல் விஞ்ஞானி ஈலை வான்ஸ் சாவதைப் பார்த்தீர்கள், அப்புறம் ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் விளையாட்டின் கடைசிக் காட்சியை யாரோ பதிவேற்றியதில் அதே ஈலை நின்று பேசுகிறார், வேறொரு இடத்தில் ஃப்ரீமேன் ஏதோ ஒரு கரையில் தனியாக விடப்பட்டார் என்று படித்தீர்கள். ஒரே ஆளுக்கு எப்படி இத்தனை முடிவு, இதில் எதை நம்புவது என்பதுதான் உங்கள் குழப்பம். அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் இந்த விளையாட்டுகளை உருவாக்கிய வால்வ் நிறுவனத்தில் வேலை பார்த்தவன் இல்லை. பதினைந்து வருடத்துக்கு மேலாக ஹேமர் எடிட்டர் என்ற மென்பொருளில் இந்த விளையாட்டுகளுக்கு மேப், அதாவது ஆடும் களம், செய்துகொண்டிருப்பவன். மேப் செய்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கதை ஓடிக்கொண்டிருக்கும்போது நின்று சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்ப்போம், சப்டைட்டில் கோப்பைத் திறந்து வசனங்களை வரிவரியாகப் படிப்போம். ஆகவே விளையாட்டுக்குள் கண்ணால் பார்க்கவும் காதால் கேட்கவும் முடிகிற விஷயங்களை உறுதியாகச் சொல்வேன். விளையாட்டோடு அச்சில் வந்த குறிப்புகளும் விளம்பரத்துக்காக எழுதிய வாழ்க்கைக் குறிப்பும் அதற்கு அடுத்தபடி. கதை எழுதியவர் வேலையை விட்ட பிறகு சொன்னது மூன்றாவது. ரசிகர்களின் ஊகம் கடைசி. இந்த நான்கையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்குவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

1998 நவம்பரில் வந்த முதல் ஹாஃப்-லைஃப் தொடங்கியதும் சண்டை எதுவும் கிடையாது. நியூ மெக்சிகோவில், பாலைவனத்துக்கு அடியில் பரந்து கிடக்கும் பிளாக் மேசா ஆராய்ச்சி நிலையத்துக்குள் ஒரு தொங்கு ரயிலில் நின்றபடி வேலைக்குப் போகிறீர்கள், அவ்வளவுதான். ஒலிபெருக்கி நேரம் காலை 8:47 என்கிறது. மேலே வெப்பம் 93 டிகிரி ஃபாரன்ஹீட், 105 வரை போகலாம் என்கிறது. இதற்கு நடுவில் திரையில் சில எழுத்துகள் வந்து மறையும். பெரும்பாலானவர்கள் அதைப் படிப்பதில்லை. பெயர் கார்டன் ஃப்ரீமேன், வயது 27, எம்.ஐ.டி.யில் கோட்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம், ஆராய்ச்சி உதவியாளர், வேலை செய்யும் இடம் அனாமலஸ் மெட்டீரியல்ஸ் ஆய்வகம். இதெல்லாம் சாதாரணமாக எந்த ஆளின் கோப்பிலும் இருப்பதுதான். அதற்குக் கீழே இரண்டு வரி வரும். இவரை நிர்வாகத் தரப்பில் யார் பரிந்துரைத்தது என்ற இடத்தில் 'ரகசியம்'. விபத்து நடந்தால் இவரைக் காப்பாற்ற எவ்வளவு முன்னுரிமை என்ற இடத்தில் 'விருப்பம்போல்'. அதாவது, முடிந்தால் காப்பாற்றுங்கள், விட்டாலும் பாதகமில்லை. ஃப்ரீமேனின் முழுக் கதையும் அந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

அவர் இளமைக் காலம் பற்றிய விவரங்கள் விளையாட்டுக்குள் இல்லை, வாழ்க்கைக் குறிப்பில் இருக்கின்றன. பிறந்த ஊர் சியாட்டில். சிறுவயதில் ஐன்ஸ்டீன், ஹாக்கிங், ஃபைன்மன் மேல் பைத்தியம். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அங்கே நடந்த டெலிபோர்ட்டேஷன் சோதனைகளைப் பார்த்து அதே நினைப்பாகிவிட்டார். (அந்தச் சோதனை கற்பனை இல்லை. 1997-இல் இன்ஸ்ப்ரூக் குழு ஒன்று ஃபோட்டானின் குவாண்டம் நிலையை இன்னொரு ஃபோட்டானுக்கு மாற்றிக் காட்டியது. ஆளையோ பொருளையோ அனுப்பவில்லை. கதாசிரியர் செய்தித்தாளில் புதிதாக வந்ததை எடுத்துத் தன் நாயகனுக்கு மாட்டிவிட்டார்.) படிப்பு முடித்தபின் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குப் பணம் இல்லை, நிரந்தர வேலையும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. அந்த நேரத்தில் எம்.ஐ.டி.யில் அவருக்கு வழிகாட்டியாக இருந்த க்ளைனர் பிளாக் மேசாவில் ஒரு ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்தார், அவர் கூப்பிட்டார். இவ்வளவு பணம் புழங்குகிறதே, ஆயுத ஆராய்ச்சியாகத்தான் இருக்கும் என்று ஃப்ரீமேனுக்கு அப்போதே சந்தேகம். இருந்தாலும் பொதுமக்களுக்குப் பயன்படும் ஏதாவது இதிலிருந்து வரும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு சேர்ந்தார். ஆயுதம் என்று அவர் அதுவரை கையால் தொட்டது ஆறு வயதில் தானே செய்த, பியூட்டேன் வாயுவில் டென்னிஸ் பந்து எறிகிற ஒரு பீரங்கி மட்டும்தான்.

'ஒரு இயற்பியல்காரர் எப்படி ராணுவத்தையே அடித்து நொறுக்குகிறார்' என்று பலர் கேட்பதற்கு இந்த டென்னிஸ் பந்துதான் அதிகாரபூர்வ பதில்: அவருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. அபாயச் சூழலில் போட்டுக்கொள்ளும் ஹெச்.இ.வி. உடையில் மட்டும் பழக்கம் உண்டு. கதைக்குள்ளேயே எதிரிகளுக்கும் இது புரியாத புதிர். ஹாஃப்-லைஃப் 2-இல், பூமியைப் பிடித்த கம்பைன் என்ற வேற்றுலகப் படைக்காக ஆட்சி நடத்தும் பிரீன் தன் படையினரைத் திட்டிப் பேசும் ஒரு உரை இருக்கிறது. நீங்கள் பிடிக்க முடியாமல் தவிக்கிற இந்த ஆள் ஒரு சாதாரண மனிதன், விபத்து நடந்தபோது டாக்டர் பட்டத்தின் மை கூடக் காயாத ஒரு இயற்பியல்காரன், நடுவில் இருந்த வருடங்களில் ரகசியமாக எந்தப் பயிற்சியும் எடுத்திருக்க முடியாத நிலையில் இருந்தான் என்று எனக்கு நம்பகமாகத் தெரியும், பிறகு எப்படி, என்கிற ரீதியில் போகும். எனக்கு மிகவும் பிடித்த உரை அது. மானேஜர் ஊழியர்களைக் கடிந்துகொள்கிற அதே தொனி.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கதை எழுதிய மார்க் லைட்லா முதலில் இவருக்கு டைசன் புவான்கரே என்று வைக்க நினைத்தார். ஃப்ரீமன் டைசன் என்ற இயற்பியலாளரையும் ஆன்றி புவான்கரே என்ற கணித மேதையையும் சேர்த்துக் கட்டிய பெயர். கார்டன் ஃப்ரீமேன் என்ற பெயரைச் சொன்னது நிறுவனத் தலைவர் கேப் நியூவெல். டைசனின் முதல் பெயர் இவருக்குக் கடைசிப் பெயராகிவிட்டது. ஃப்ரீ மேன், சுதந்திர மனிதன். பின்னால் வார்டிகாண்ட்கள் என்ற வேற்றுலக உயிர்கள் அவரை அப்படியேதான் கூப்பிடுகின்றன. கதை முழுக்க அவருக்குக் கிடைக்காத ஒன்றைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள்.

விபத்தை நீங்கள் விளையாடியிருப்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆன்டி-மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற ஆய்வுக் கருவியை 105 சதவீதத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். நிர்வாகி அவசரப்படுத்துகிறார். எங்கிருந்தோ வந்த ஒரு படிகத்தைத் தள்ளுவண்டியில் வைத்துக் கதிருக்குள் தள்ளச் சொல்கிறார்கள். தள்ளுவது நீங்கள். ரெசொனன்ஸ் கேஸ்கேட் என்ற பேரழிவு நிகழ்கிறது, ஸென் என்ற வேற்றுலகத்தோடு கதவு திறந்துகொள்கிறது. உலகம் அழிந்ததற்கு முதல் கை ஃப்ரீமேனுடையதுதான், ஆனால் தீர்மானம் அவருடையது இல்லை. அந்தப் படிகத்தைக் கொண்டுவந்து கொடுத்ததே சூட்டும் சூட்கேஸுமாகத் திரிகிற மர்ம ஆளான ஜி-மேன்தான் என்று எபிசோட் 2-இல் ஈலை சொல்கிறார். கொடுத்துவிட்டு, 'எதிர்பாராத விளைவுகளுக்குத் தயாராக இரு' என்று தன் காதில் கிசுகிசுத்ததாகவும் சொல்கிறார். இந்த வரியை மறக்காதீர்கள், கடைசியில் திரும்ப வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 1998 விளையாட்டில் ஈலை என்ற பெயரோ க்ளைனர் என்ற பெயரோ யார் வாயிலும் வராது. விஞ்ஞானிகள் என்று நான்கே முகங்கள், அவற்றையே எல்லா அறையிலும் திரும்பத் திரும்பப் போட்டிருப்பார்கள். 2004-இல் இரண்டாம் பாகம் எழுதும்போது அந்த முகங்களில் இரண்டை எடுத்துப் பெயரும் குடும்பமும் கொடுத்தார்கள். ரசிகர்கள் சேர்ந்து புதிதாகக் கட்டிய பிளாக் மேசா என்ற மறு ஆக்கம் 2020-இல் முழுமையாக வந்தபோது, அதில் இருவரையும் முதலிலேயே பெயரோடு காட்டிவிட்டார்கள். மறு ஆக்கத்தை மட்டும் விளையாடியவர்கள் 'ஆரம்பத்திலேயே எல்லாம் திட்டமிட்டிருக்கிறார்கள்' என்று வியப்பது இதனால்தான். திட்டம் அப்படி ஒன்றும் இல்லை. பிறகு வந்தவர்கள் பழைய துணியில் தையல் தெரியாமல் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், திறமையாகவே போட்டிருக்கிறார்கள். மாதிரிக்கு ஒன்று: முதல் விளையாட்டில் ஓய்வறை மைக்ரோவேவில் யாரோ ஒருவருடைய சாப்பாடு இருக்கும். பொத்தானை விடாமல் அழுத்தினால் அது வெடிக்கும், பக்கத்தில் நிற்கும் விஞ்ஞானி கடுகடுப்பார். வெறும் விளையாட்டுத்தனம். ஒன்பது வருடம் கழித்து எபிசோட் 2-இல் மாக்னுஸன் என்ற விஞ்ஞானி, இந்த வேலையை உருப்படியாக முடித்தால் பிளாக் மேசாவில் என் சாப்பாட்டுக்குச் செய்ததை மன்னிக்கிறேன் என்கிறார்.

ஃப்ரீமேன் எப்படி இருப்பார் என்பது கூட நமக்கு அடுத்தவர் கண் வழியாகத்தான் தெரியும். அவர் பேசுவதில்லை. கேமரா அவர் தலையை விட்டு ஒருமுறை கூட வெளியே வருவதில்லை. ஆனால் கியர்பாக்ஸ் செய்த துணைப் பாகங்களில் அவரைப் பார்க்கலாம். ப்ளூ ஷிஃப்டில் காவலாளி பார்னி பூட்டிய கதவுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டிருக்கும்போது ஃப்ரீமேன் ரயிலில் கடந்து போவார். அபோஸிங் ஃபோர்ஸில் ஒரு சிப்பாயின் கண்முன்னே அவர் ஸென்னுக்குப் போகும் கதவில் குதித்து மறைவார். இரண்டுமே சில நொடிகள்தான். முதல் தடவை அதைப் பார்த்தபோது, தினம் கண்ணாடியில் மட்டும் பார்த்த முகத்தைத் தெருவில் நேருக்கு நேர் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

சரி, இப்போது விதி. முதல் விளையாட்டின் முடிவில், ஸென்னில் வேற்றுலகப் படையின் தலைவனான நைஹிலாந்த்தைக் கொன்றபின், ஜி-மேன் வந்து ஒரு வேலை தருகிறார். உங்கள் திறமையை என் முதலாளிகளிடம் சிபாரிசு செய்தேன், ஒப்புக்கொண்டார்கள். கதவுக்குள் நுழைந்தால் வேலை உங்களுக்கு. நுழையாமல் நின்றால் ஆயுதம் எதுவும் இல்லாமல் வேற்றுலகப் படைக்கு நடுவில் இறக்கிவிடுவார்கள், கதை அங்கேயே முடிந்தது. இரண்டாம் பாகம் இருக்கிறது என்பதாலேயே, கதையில் அவர் நுழைந்தார் என்பது உறுதி. மனம் ஒப்பி நுழைந்தாரா என்று கேட்டால், வாய் திறக்காத ஆளின் மனதை யாரால் சொல்ல முடியும்? அடுத்த விருப்பம் சாவு என்றால் அதற்குப் பெயர் தேர்வு இல்லை என்பேன் நான். 2004-இல் வந்த ஹாஃப்-லைஃப் 2-இன் கடைசியில் ஜி-மேனே இதை ஒத்துக்கொள்கிறார். உங்களுக்காகச் சில நல்ல பேரங்கள் வந்திருக்கின்றன, இந்த முறை தேர்வு இருப்பதுபோன்ற மாயையைக் கூட உங்களுக்குத் தரப்போவதில்லை, நானே உங்களுக்காகத் தேர்வு செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, கம்பைனின் கோபுரமான சிட்டாடல் வெடித்துக்கொண்டிருக்கும்போதே காலத்தை நிறுத்தி அவரை எடுத்து அலமாரியில் வைத்துவிடுகிறார். அதற்குச் சற்று முன்புதான் பிரீனும் குத்திக் காட்டுகிறார்: உன் ஒப்பந்தம் அதிக விலை கேட்பவனுக்குத்தானே. ஃப்ரீமேனை வாடகைக்கு விடுகிறார்கள் என்பது ரசிகர் ஊகம் இல்லை, இரண்டு பாத்திரங்களின் வாயிலிருந்து வரும் வசனம். அந்த முதலாளிகள் யார் என்பதை மட்டும் இதுவரை எந்த விளையாட்டும் சொன்னதில்லை. யாராவது அடித்துச் சொன்னால் ஊகம் என்று ஒதுக்கிவிடுங்கள். ஜி-மேன்தான் எதிர்காலத்து ஃப்ரீமேன் என்ற பழைய கதையும் அந்த ரகம். அதற்கு ஆதாரம் என்று காட்டுவதெல்லாம் முகச் சாயல்தான்.

ஒரு விஷயத்தைப் பலர் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. பிளாக் மேசா விபத்துக்கும் ஹாஃப்-லைஃப் 2 தொடங்கும் நகரமான சிட்டி 17-க்கும் நடுவில் சுமார் இருபது வருடம். அதற்குள் கம்பைன் வந்தது, ஏழு மணி நேரப் போரில் பூமி விழுந்தது, பழைய நிர்வாகி பிரீன் சரணாகதி பேசி ஆட்சிக்கு வந்தார், கைக்குழந்தையாக இருந்த ஈலையின் மகள் அலிக்ஸ் வளர்ந்து பெரியவளானாள். ஃப்ரீமேனுக்கு அது ஒரு கண்சிமிட்டல். பிறகு நோவா ப்ராஸ்பெக்ட் சிறையிலிருந்து டெலிபோர்ட் செய்யும்போது ஒரு வாரம் காணாமல் போகிறது, அதுவும் அவருக்குத் தெரியாது. எபிசோட் 1 சில மணி நேரக் கதை. எபிசோட் 2 அதன் தொடர்ச்சி. கூட்டிப் பார்த்தால் அவர் விழித்திருந்து போராடிய காலம் மொத்தம் சில நாள்கள்தான் வருகிறது. காலையில் வேலைக்குப் போனவர் இன்னும் வீட்டுக்குத் திரும்பவில்லை, அவ்வளவே. உலகம் அவரை இருபது வருடம் புராண நாயகனாகப் பேசிக்கொண்டிருந்தது. அவருக்கு 27 வயது கூடத் தாண்டியிருக்காது. வார்டிகாண்ட்கள் அவரைக் கொண்டாடுவதும் இதில் சேர்த்தி. நைஹிலாந்த் செத்ததால்தான் அவற்றின் அடிமைத்தளை அறுந்தது, ஆனால் அவர் அன்றைக்கு அந்த எண்ணத்தோடு சுட்டாரா என்பது வேறு விஷயம்.

ஜி-மேனின் பிடி முதலில் தளர்வது 2006-இல் வந்த எபிசோட் 1-இன் தொடக்கத்தில். வார்டிகாண்ட்கள் ஒன்றாகச் சேர்ந்து குறுக்கே நின்று ஃப்ரீமேனையும் அலிக்ஸையும் அவர் கையிலிருந்து பறித்துக்கொள்கின்றன. அவர் முகத்தில் எரிச்சல் தெரிகிற அபூர்வமான இடம். 2007 எபிசோட் 2-இல் அலிக்ஸ் படுகாயம் அடைந்து வார்டிகாண்ட்களின் கவனம் அங்கே திரும்பியதும் சந்து கிடைத்து ஜி-மேன் உள்ளே வந்துவிடுகிறார். அப்போது அவர் சொல்வது இப்போது திரும்பக் கேட்டால் வேறு மாதிரி ஒலிக்கும்: பிளாக் மேசாவிலிருந்து இந்தக் குழந்தையை எடுத்துக் காப்பாற்றியது நான்தான், இவளால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை என்று சொன்னவர்களை நான் பொருட்படுத்தவில்லை. பிறகு, நீங்கள் பார்த்த அந்த முடிவு. பனியில் உறைந்து கிடக்கிற பொரியாலிஸ் என்ற ஆராய்ச்சிக் கப்பலைத் தேடிக் கிளம்ப ஹெலிகாப்டர் தயார், கொட்டகைக்குள் அட்வைசர்கள் என்ற கம்பைன் உயிர்கள் புகுந்து ஈலையைக் கொல்கின்றன, அலிக்ஸ் அப்பாவின் உடல் மேல் விழுந்து அழுகிறாள், திரை இருள்கிறது. மூன்றாவது எபிசோட் வரும் என்று அறிவித்திருந்தார்கள். வரவில்லை.

நீங்கள் படித்த கரைக் கதை இங்கேதான் நுழைகிறது. லைட்லா 2016-இல் நிறுவனத்தை விட்டு வெளியேறியது தெரியவந்தது. 2017 ஆகஸ்டில் தன் சொந்த வலைப்பக்கத்தில் ஒரு கடிதம் போட்டார். பெயர்களையெல்லாம் ஆண் பெண் மாற்றி எழுதியிருந்தார், கார்டன் ஃப்ரீமேன் அதில் கெர்ட்ரூட் ஃப்ரெமாண்ட். பெயர்களைத் திருப்பிப் போட்டுப் படித்தால் கதை இது: ஈலையை அடக்கம் செய்துவிட்டு ஃப்ரீமேனும் அலிக்ஸும் தெற்கே போகிறார்கள். பொரியாலிஸ் ஒரே இடத்தில் நிற்காமல் காலத்திலும் இடத்திலும் ஆடிக்கொண்டிருக்கிறது. கப்பலை ஆராய வேண்டும் என்கிற விஞ்ஞானி மாஸ்மனுக்கும் அழிக்க வேண்டும் என்கிற அலிக்ஸுக்கும் சண்டை முற்றி, அலிக்ஸ் அவரைச் சுட்டுவிடுகிறாள். கப்பலையே ஒரு ஏவுகணையாக்கிக் கம்பைனின் தலைமையிடத்தின் மேல் விட முடிவாகிறது. போகிற வழியில் ஜி-மேன் வந்து, ஃப்ரீமேனை விட்டுவிட்டு அலிக்ஸை மட்டும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். தனியாக நிற்கும் ஃப்ரீமேனுக்கு எதிரியின் உலகம் கண்ணில் படுகிறது. ஒரு நட்சத்திரத்தையே சுற்றி மூடிக் கட்டிய பிரம்மாண்டம். அதன் முன்னால் தங்கள் கப்பல் ஒரு தீக்குச்சிக் கொளுத்தல் மட்டுமே என்று புரிகிறது. கடைசி நொடியில் வார்டிகாண்ட்கள் அவரைப் பிடுங்கி எடுத்து ஒரு கரையில் விடுகின்றன. எத்தனை காலம் ஓடிவிட்டது, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாத நிலையில், இதுதான் என் கடைசிக் கடிதம் என்று முடிக்கிறார்.

இது நிஜமா? எழுதியவர் கதையை உருவாக்கியவரே என்பதால் எடை உண்டு. ஆனால் வேலையை விட்ட ஒருவர் தன் மேசை இழுப்பறையில் இருந்ததை வெளியே எடுத்துப் போட்டது இது, நிறுவனம் வெளியிட்ட கதை இல்லை. அதை வெளியிட்டிருக்க வேண்டாம் என்று பின்னாளில் அவரே வருந்தியிருக்கிறார். கூட்டாகச் செய்கிற வேலையில் எழுத்தில் இருக்கும் சுருக்கத்துக்கும் கடைசியில் கைக்கு வருவதற்கும் எவ்வளவு தூரம் என்று ஒரு மேப்பாவது முடித்தவனுக்குத் தெரியும். என்னிடமே நான்கு அறைகள் என்று திட்டமிட்டு ஒரு படிக்கட்டாக முடிந்த மேப் ஒன்று இருக்கிறது. அந்தக் கடிதத்தை நான் படித்த அன்றைக்கு மனம் கனத்தது உண்மை. இருந்தும் அதை 'நடந்தது' என்று சொல்ல மாட்டேன். 'நடக்க இருந்திருக்கலாம்' என்று மட்டும் சொல்வேன்.

2024 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2-இன் இருபதாம் ஆண்டுக்கு நிறுவனமே வெளியிட்ட ஆவணப்படத்தில் மூன்றாம் எபிசோடுக்காகச் செய்து பார்த்தவற்றில் சில காட்சிகளைக் காட்டினார்கள். பனியை உறைய வைத்துப் பாதை கட்டுகிற ஒரு துப்பாக்கி அதில் இருந்தது. கதையை முடித்துவைப்பது மட்டுமே காரணம் என்றால் அது போதாது, விளையாட்டாகப் புதிதாக எதையும் அதில் காண முடியவில்லை என்ற ரீதியில் நியூவெல் பேசினார். நியாயமா இல்லையா என்று இன்றைக்கும் சண்டை ஓடுகிறது. எனக்கு அதில் பாதி சம்மதம்தான்.

ஈலை உயிரோடு நிற்கிற காட்சிக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் வந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் விளையாட்டு, ஹாஃப்-லைஃப் 2-க்கு ஐந்து வருடம் முந்தைய கதை. கம்பைன் வானத்தில் தொங்கவிட்டிருக்கும் ஒரு பெட்டகத்துக்குள் பெரிய ஆயுதம் இருக்கிறது, அது ஃப்ரீமேனாக இருக்கலாம் என்று நினைத்து அலிக்ஸ் அதைத் திறக்கிறாள். உள்ளே இருப்பது ஜி-மேன். விடுதலை செய்ததற்குக் கைம்மாறாக என்ன வேண்டும் என்கிறார். கம்பைனை விரட்ட வேண்டும் என்று அவள் கேட்க, அது என் முதலாளிகள் விரும்புவதை விடப் பெரிய மாற்றம் என்று தட்டிக்கழித்துவிட்டு, எதிர்காலத்தில் அவள் அப்பா சாகும் தருணத்தைக் காட்டுகிறார். அவள் அந்த அட்வைசரைக் கொன்று அப்பாவைக் காப்பாற்றுகிறாள். அதற்கு விலை வேண்டுமே? முன்பு வேலைக்கு வைத்திருந்த ஆள் சரிப்படவில்லை, அவர் இடத்துக்கு நீதான் என்று அவளை எடுத்து வைத்துக்கொள்கிறார். எபிசோட் 2-இல் பயனில்லாத குழந்தை என்று பிறர் சொன்னதைப் பொருட்படுத்தவில்லை என்று அவர் பேசியதை இதோடு வைத்துப் பாருங்கள்.

ஆக, நீங்கள் பார்த்த மூன்றில் எபிசோட் 2-இன் முடிவு பொய்யில்லை, ஆனால் கதைக்குள்ளேயே அழித்துத் திருத்தி எழுதப்பட்டுவிட்டது. கடைசியாக நிறுவனமே வெளியிட்ட திருத்தம் என்ற வகையில் 2020-இன் முடிவைத்தான் நடப்பாகக் கொள்ள வேண்டும். கடிதம் நடக்காமல் போன ஒரு கிளை. ஒன்றைக் கவனித்தீர்களா? இரண்டிலும் ஜி-மேன் அலிக்ஸைக் கொண்டுபோய்விட்டு ஃப்ரீமேனை விட்டுவிடுகிறார். பாதை வேறு, அந்த முடிச்சு ஒன்றே. அலிக்ஸ் விளையாட்டைச் செய்த குழு தெரிந்தே அதை எடுத்துக்கொண்டது என்பது என் ஊகம், ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே அவர் சாகவில்லை. உங்கள் கேள்விக்கு நேர் பதில் அதுதான். நான் அதை இன்னொரு விதமாகவும் பார்க்கிறேன். ரயிலில் போகும்போது திரையில் ஓடிய அந்த இரண்டு வரி நினைவிருக்கிறதா? பரிந்துரைத்தவர் ரகசியம், காப்பாற்றுவது விருப்பம்போல். அன்றிலிருந்து யாரோ ஒருவரின் கணக்கில் ஓடிக்கொண்டிருந்த ஆளுக்கு முதல் தடவையாக வேலை போய்விட்டது. கடைசிக் காட்சியை நீங்கள் காணொளியில் பார்த்திருந்தால் ஒன்று தவறிப்போயிருக்கும்: அங்கே நீங்கள் அலிக்ஸ் இல்லை, ஃப்ரீமேன். பதின்மூன்று வருடம் கழித்து அதே கொட்டகைத் தரையில், அவர் கண் வழியாகப் பார்க்கிறீர்கள். ஈலை குனிந்து உங்களைப் பார்க்கிறார். மகளைக் காணோம். ஒரு கணம் திகைத்து, பிறகு யார் வேலை இது என்று அவருக்குப் புரிகிறது, ஜி-மேனையும் அவருடைய 'எதிர்பாராத விளைவுகளையும்' சபிக்கிறார். அந்த நேரம் அலிக்ஸின் ரோபோவான டாக் உலோகக் காலைத் தட்டிக்கொண்டு உள்ளே வருகிறது, அதன் பிடியில் ஃப்ரீமேனின் ஆயுதமான பழைய சிவப்புக் க்ரோபார், அதாவது கடப்பாரை. ஈலை அதை வாங்கி உங்கள் பக்கம் நீட்டுகிறார், நீங்கள் கையை நீட்டி வாங்குகிறீர்கள். விளையாட்டு அந்த இடத்தில் நிற்கிறது.